சுவரைப் பார்த்து நின்ற கார்

"அடுத்த திங்கக்கிழமை நான் இத்தாலிக்குக் கெளம்புறேன்க்கா. அதுக்குள்ள நீங்களே ஓட்டப் பழகிடுங்க." மாடி வீட்டு அவ்ரெல் ஞாயிறு மாலை வந்து இதைச் சொன்னான்.

என் கணவன் கோர்னெலுக்குத் தொண்டையில் புற்றுநோய். முப்பத்து மூன்று நாள் கதிர் சிகிச்சை. சனி, ஞாயிறு தவிர தினமும் காலை எட்டு மணிக்கு, டான்யூப் ஆற்றுப் பாலத்துக்கு அக்கரையில் இருக்கும் ஆஸ்பத்திரியில் அவன் இருக்க வேண்டும். ஒரு நாள்கூட விடக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். முதல் வாரம் அவ்ரெல்தான் தன் காரில் கூட்டிப்போனான், இரண்டாவது வாரமும் அவன்தான் கூட்டிப்போவான். பஸ் மதியத்துக்கு மேல்தான் வரும்.

என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. வாங்கி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. வாங்கிய மறுமாதமே ரிவர்ஸ் எடுக்கும்போது குப்பைத் தொட்டியில் இடித்தேன். அன்று சாவியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்ட கோர்னெல் திருப்பித் தரவே இல்லை. நானும் கேட்கவில்லை. விட்டது தொல்லை என்று இருந்துவிட்டேன்.

எங்கள் டாச்சியா கார் குடியிருப்புச் சுவரைப் பார்த்தபடி நிற்கிறது. வெளியே எடுக்க முதல் வேலையே ரிவர்ஸ்தான். பின் சீட் முழுக்க என் ஊறுகாய் ஜாடிகள்.

திங்கள்கிழமை ஜாடிகளை இறக்கினேன். ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினேன். துடைக்கச் சொல்லி யார் அழுதார்கள்? செவ்வாய் கார்க் கண்ணாடிகளைக் கழுவினேன். அப்புறம் கார் ஓட்டும் வீடியோ பார்க்கப் போனை எடுத்தேன். அது எப்படியோ கேக் செய்வதில் போய் நின்றது. கோர்னெல் சோபாவில் எச்சில் விழுங்க முடியாமல் முனகுகிறான், நான் எவளோ கேக்குக்குக் கிரீம் பூசுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

புதன்கிழமை காலை ஆறு மணிக்குப் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுக் காரில் ஏறினேன். ஒரு மீட்டர் பின்னால், ஒரு மீட்டர் முன்னால். இருபது தடவை. முழுசாக வெளியே எடுக்கவில்லை. எடுத்தால் இடம் போய்விடுமே! எங்கள் குடியிருப்பில் கார் நிறுத்தும் இடத்தை விட்டால், கண் மூடித் திறப்பதற்குள் இன்னொருத்தன் நுழைந்துவிடுவான். கோர்னெல் அந்த இடத்துக்காக எட்டு வருடம் சண்டை போட்டவன். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, எல்லா நாளும் அதே ஆறு மணி, அதே ஒரு மீட்டர்.

"ஸ்மரான்டா, காரைத் தூங்க வைக்கிறியாடி?" என்று பக்கத்து வீட்டு டோயினா பால்கனியிலிருந்து கத்தினாள்.

சிரித்துத் தொலையட்டும். ரிவர்ஸ் கியர் இப்போது தடுமாறாமல் விழுந்தது. ஆனால் ரோட்டை நான் இன்னும் தொடவே இல்லை.

திங்கள் காலை ஏழு மணிக்குக் கோர்னெல் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். ரிவர்ஸ் போட்டேன். ஒரு மீட்டர் வந்ததும் பழகிய கால் தானாகப் பிரேக்கை மிதித்தது.

"என்ன ஆச்சு?" அவன் குரல் வெறும் காற்றாக வந்தது.

"இடம் போயிடும், கோர்னெல்."

"இடத்தை வச்சிக்கிட்டு என்னடி பண்ணப் போற? என்னை அதுலயா பொதைக்கப் போற?"

அழுதுகொண்டே பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். கார் பின்னால் போனது, இன்னும் போனது, ரோட்டுக்கு வந்துவிட்டது. லாரிக்காரன் ஒருவன் ஹாரனை அழுத்தி என் அம்மாவைத் திட்டினான். பாலத்தில் ஏறியபோது செத்தேன் என்றே நினைத்தேன். சிலுவை போட்டுக்கொள்ளக்கூட ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்க முடியவில்லை. எட்டு இருபதுக்குப் போய்ச் சேர்ந்தோம். நர்ஸ் கத்தினாள், ஆனாலும் அவனை உள்ளே கூட்டிப்போனாள்.

திரும்பி வந்தால் எங்கள் இடத்தில் ஒரு வெள்ளை வேன் நிற்கிறது.

"இப்ப எங்க நிறுத்துவ?" என்று கேட்டான் கோர்னெல்.

"தெரியல. நீ சும்மா இரு."

மூன்றாவது தெருவில் ஓர் இடம் கிடைத்தது. நேராக நுழைத்திருக்கலாம். நுழைக்கவில்லை. ரிவர்ஸ் போட்டேன். ஏழு தடவை முன்னும் பின்னும் போய்த்தான் கார் உள்ளே வந்தது, முகம் ரோட்டைப் பார்த்தபடி.

"எதுக்கு இவ்ளோ பாடு?" என்றான்.

"நாளைக்கு நேரா கெளம்பலாம்ல."

சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். அவன் சிகிச்சைக்கு இன்னும் இருபத்திரண்டு காலை இருந்தது.