சொந்த வேலையாகப் போன கார்

தையல்காரிக்கு அந்தக் கடிதம் வந்தபோது, அவள் இடது காலை நாற்காலிமேல் நீட்டிக்கொண்டு சீருடைப் பாவாடை ஒன்றுக்குக் கையால் ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். மிஷினை மிதித்து நான்கு மாதமாகியிருந்தது. நடைபாதையில் நின்றவள்மேல் மருந்துக் கம்பெனிக் கார் ஏறியதில் கணுக்கால் நொறுங்கிப்போனது. உள்ளே ஒரு தகடும் ஏழு திருகாணிகளும் இருந்தன.

தங்கை கடிதத்தை உரக்கப் படித்தாள். "விபத்து நேர்ந்தபோது எங்கள் ஓட்டுநர் அனுமதியின்றிச் சொந்த வேலையாகக் காரை எடுத்துச் சென்றிருந்தார். எனவே தங்கள் காயங்களுக்கு நிறுவனம் பொறுப்பாகாது."

"இன்னொரு தடவை படி."

படித்தாள். தையல்காரி ஊசியைத் துணியில் குத்தினாள். "கார் அவங்களுது, டிரைவர் அவங்க ஆளு. கால் மட்டும் என்னுது. அப்படித்தானே?"

அவள் போய்ப் பார்த்த வக்கீலம்மா சுற்றி வளைக்கவில்லை. "வேலை விஷயமா ஓட்டினான்னா கம்பெனிதான் பொறுப்பு. ஆனா சொந்த வேலைன்னு அவனே கையெழுத்துப் போட்டிருக்கான். அதை உடைக்காம ஒண்ணும் நடக்காது."

மறுநாளே தங்கையைக் கூட்டிக்கொண்டு, ஊன்றுகோலோடு இரண்டு பஸ் மாறி, டிரைவரின் வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்தவனுக்கு முகம் வெளிறிவிட்டது.

"அக்கா, என்னை மன்னிச்சிடுங்க."

"மன்னிப்பை நீயே வச்சுக்கோ. அன்னைக்கு எங்க போய்க்கிட்டிருந்தே? அதைச் சொல்லு."

அவன் நின்றபடியே சொன்னான். கம்பெனி மேனேஜரின் மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரப் போயிருக்கிறான். அனுப்பியவர் மேனேஜர்தான்.

"சொந்த வேலைன்னு எழுதிக் கொடுத்தா வேலை போகாதுன்னாங்க. கொடுத்தேன். அடுத்த வாரமே நிறுத்திட்டாங்க."

போனை எடுத்து, விபத்துக்கு முந்தைய நிமிடம் வந்திருந்த மேனேஜரின் குரல்பதிவை ஓடவிட்டான். 'எங்கடா போய்த் தொலைஞ்ச? பொண்ணு அஞ்சு நிமிஷமா வாசல்ல நிக்கிறா!'

"இதைக் கேக்கத்தான் குனிஞ்சேன். நிமிர்றதுக்குள்ள…"

தையல்காரிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "அவர் பொண்ணு அஞ்சு நிமிஷம் நிக்கக் கூடாது. நான் ஆயுசுக்கும் நொண்டலாம். நீயும் அதுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கே!"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"எங்கிட்ட அழாதே. கோர்ட்ல வந்து இதைச் சொல்லு."

"நான் போனைப் பார்த்தது தெரிஞ்சா லைசென்ஸ் போயிடும் அக்கா."

"போகட்டும்."

வழக்கு விசாரணை நாளன்று முதலில் அவளைத்தான் கூண்டில் ஏற்றினார்கள். கம்பெனி வக்கீல் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "நடைபாதையில எங்கே நின்னீங்க? ரோட்டை ஒட்டியா?"

"நடைபாதைமேல நின்னேன்."

"ஓரமாவா, உள்ளே தள்ளியா? உங்க கவனக்குறைவும் இருக்கலாம் இல்லையா?"

"வேற எங்கய்யா நிக்கச் சொல்றீங்க? செவுத்துக்குள்ள புகுந்து நிக்கணுமா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதிபதி மேசையைத் தட்டினார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

டிரைவர் வருவான் என்று வக்கீலம்மாகூட நம்பவில்லை. வந்தான். தான் எழுதிக் கொடுத்தது பொய் என்றான். போனைப் பார்த்துக் குனிந்ததையும் மறைக்கவில்லை. மேனேஜரின் குரல் அந்த அறையில் ஒலித்தபோது, கடைசி வரிசையில் இருந்த மேனேஜர் எழுந்து வெளியே போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. மேலதிகாரி ஏவியதால்தான் கார் போயிருக்கிறது. காயத்துக்குக் கம்பெனியே பொறுப்பு. நடைபாதையில் நின்றவள்மேல் துளியும் தவறில்லை. தங்கை அழுதே விட்டாள்.

கோர்ட் வராந்தாவில் டிரைவர் காத்திருந்தான். உரிமம் பறிபோய், ஒரு கிடங்கில் மூட்டை இறக்குவதாகச் சொன்னான். "இப்பவாவது மனசு ஆறிச்சாக்கா?"

தையல்காரி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "உண்மையைச் சொன்னே. சரி. அதுக்காக நீ என்மேல கார் ஏத்தலைன்னு ஆயிடுமா? தினம் காலையில தரையில கால் வைக்கும்போது உன் மூஞ்சியும் அந்த மேனேஜர் குரலும்தான் ஞாபகம் வருது. அது ஆறாது."

அவன் தலையாட்டிவிட்டு ஒதுங்கி வழிவிட்டான். தங்கை கை நீட்டினாள். அவள் பிடித்துக்கொள்ளாமல் தானாகவே வாசலை நோக்கி நடந்தாள்.