மான்லிப் படகின் வலப்பக்கம்

வெள்ளை இல்லை அது. கிட்டப் போனால் தெரியும். பழைய பல்லின் நிறம். மழை விட்டு வெயில் விழும்போது மட்டும் வெள்ளை போல ஏமாற்றும்.

ஒப்பரா ஹவுசின் கூரை. பாய்களாம். கப்பலின் பாய்களைப் போலவாம். காற்றுப் பிடிக்காத பாய். ஓர் அடி நகராத பாய். அதைப் பார்க்க உலகமே வருகிறது.

படகில் வந்தவனை வேண்டாம் என்கிற நாடு, தன் வாசலில் பாயைக் கட்டிவைத்து மினுக்குகிறது. இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

நான் படகில் வந்தவன். பத்தொன்பது நாள். பெயர் தவநேசன். ஊர் வடமராட்சியில் கடலோரம். வந்து பன்னிரண்டு வருடம். இப்போது கோழி வெட்டுகிற தொழிற்சாலையில் வேலை.

வேலை செய்யலாம். வரி கட்டலாம். நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி வர முடியாது. அப்படி ஒரு கடிதம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே கடிதம். திகதி மட்டும் புதிது.

ஊரில் இருந்து சிட்னிக்கு வந்தவன் எவனும் முதல் கிழமையே ஒப்பரா ஹவுசுக்கு முன்னால் நின்று படம் எடுத்து அனுப்புவான். ஜக்கெட் இரவலாக இருக்கும். சிரிப்பும் இரவலாக இருக்கும். படம் வீட்டுச் சுவரில் தொங்கும்.

என் வீட்டுச் சுவரில் அந்தப் படம் இல்லை. நானும் ரஜீவனும் முருகனுக்கு நேர்த்தி வைத்தோம். அதே படகில் வந்தவன் அவன். இன்றும் ஒரே அறை. விசா கிடைத்த பிறகுதான் அதற்கு முன்னால் போய் நிற்பது. அதுவரை அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை.

பன்னிரண்டு வருடம் படுக்கவில்லை.

ஆனால் ஒரு பொய் சொன்னேன். ஐந்து வருடத்துக்கு முன், விசா கிடைத்துவிட்டது என்று வீட்டுக்குச் சொன்னேன். என் மனைவி சிவமலர் ஒவ்வொரு நாளும் போனில் அழுதாள். அந்த அழுகையை நிறுத்தச் சொன்ன பொய்.

அழுகை நின்றது. கேள்வி தொடங்கியது. விசா இருந்தால் ஏன் வரவில்லை? லீவு இல்லை என்றேன். அடுத்த வருடமும் லீவு இல்லை. அதற்கடுத்த வருடமும்.

மகள் யதுசா பட்டம் வாங்கிய அன்றும் லீவு இல்லை. அதன் பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். போனை எடுப்பாள். சாப்பிட்டீங்களோ என்பாள். தாயிடம் கொடுத்துவிடுவாள்.

இப்போது அவளுக்கு ஒரு சம்பந்தம். மாப்பிள்ளை யாழ்ப்பாணத்தில் வங்கி வேலை. அவன் தாய்க்காரிக்குத்தான் சந்தேகம். தகப்பன் சிட்னியிலாம், அந்தக் கட்டடத்தோடு ஒரு படம்கூட இல்லையாம்.

தரகர் மகேந்திரம் எனக்குக் கோல் எடுத்தார். "அண்ணை, ஞாயிற்றுக்கிழமை அவையள் பொம்பிளை பாக்க வருகினம். வீடியோவில வாங்கோ. பின்னால அது தெரிஞ்சாக் காணும். வாயை மூடிப்போடுவினம்."

எனக்குப் பற்றி எரிந்தது. என் பிள்ளைக்கு ஒரு கட்டடம் சாட்சி சொல்ல வேண்டுமாம்.

ரஜீவன்தான் வழி சொன்னான். "முன்னால நிண்டாத்தானே அண்ணை நேர்த்தி முறியும்? கடலில நிண்டு பாருங்கோ. அதைத் தாண்டி மான்லிக் கரைக்குப் போற படகு. வேலைக்குப் போற சனம் ஏறுற படகுதான். ட்ரெயின் கார்ட்டையே தட்டலாம். வலப்பக்கம் நிண்டாத் தெரியுமாம்."

"முருகன் என்ன லோயரே, ஓட்டை தேடி வழக்காட?"

"லோயரை விட இது மலிவண்ணை."

சிரித்தோம். அவனுடைய நீல ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு போனேன்.

மே மாதம். இங்கே குளிர். சுற்றுலாப் படகுகள் பக்கத்தில் நின்றன. அவற்றில் ஏற என் ஒரு நாள் உழைப்புப் போகும். நான் கார்ட்டைத் தட்டினேன். மான்லிப் படகில் ஏறினேன். வலப்பக்கக் கம்பியைப் பிடித்தேன்.

பக்கத்தில் ஒருத்தி பின்னிக்கொண்டிருந்தாள். ஒருவன் சைக்கிளில் சாய்ந்து தூங்கினான். அது வந்தது. மிகக் கிட்ட வந்தது. ஒருவரும் தலை நிமிர்த்தவில்லை. நான் பன்னிரண்டு வருடம் பார்க்காமல் இருந்ததை, இவர்கள் தினமும் பார்க்காமல் போகிறார்கள்.

போன் அடித்தது. சிவமலர். பட்டுச் சேலை. அருகே மாப்பிள்ளையின் தாய். பின்னால் தரகர். யதுசா தெரியவில்லை.

நான் போனை உயர்த்திப் பிடித்தேன். என் தலைக்குப் பின்னால் பாய்கள்.

"ஐயோ, என்ன வடிவு!" என்றா மாப்பிள்ளையின் தாய். "அப்ப நீங்கள் அந்த நாட்டுக்காரராவே ஆகிட்டியள். சிட்டிசன்தானே?"

"ஓம்," என்றேன்.

"வீடு சொந்தமோ?"

"ஓம்."

கட்டடம் பின்னால் போய்விட்டது. மாப்பிள்ளையின் தாய் விடவில்லை. எத்தனை அறை என்றா. கார் என்ன கார் என்றா. ஓம், ஓம், ஓம்.

"கலியாணத்துக்கு வந்து தாரை வாத்துக் குடுப்பியள்தானே?"

நான் வாய் திறக்குமுன் ஓரத்தில் இருந்து ஒரு குரல். "அப்பாக்கு லீவு கிடையாது."

யதுசா. கோபம் இல்லை. அழுகை இல்லை. இன்றைக்கு மழை இல்லை என்பது போலச் சொன்னாள்.

அப்போதுதான் படகு தூக்கியது.

யாரும் எனக்குச் சொல்லவில்லை. மான்லிக்குப் போகிற வழியில் துறைமுகத்தின் வாய் இருக்கிறது. இரண்டு பாறைமலை. நடுவே பெருங்கடல். அங்கிருந்து வருகிற அலை படகைத் தூக்கி இறக்கும். ரஜீவனுக்கும் தெரிந்திருக்காது. அவனும் அந்தப் பத்தொன்பது நாளுக்குப் பிறகு கடல் ஏறியதில்லை.

தளத்தில் குந்திவிட்டேன். அதே தூக்கல். அதே இறக்கம். ஏழாம் நாள் தண்ணீர் முடிந்தது. பத்தாம் நாள் செத்துப்போன ஒரு மனிதனைக் கடலில் இறக்கினோம். என் பிள்ளைக்காகத்தான் ஏறினேன். என் பிள்ளை சொல்கிறாள், அப்பாவுக்கு லீவு கிடையாது.

வயிற்றில் இருந்து வந்தது. வாந்தி என்று நினைத்தேன். குரல்.

"எனக்கு லீவு இருக்கு!"

பின்னிக்கொண்டிருந்தவள் ஊசியை நிறுத்தினாள்.

"வருசத்துக்கு நாலு கிழமை லீவு இருக்கு! விசாதான் இல்லை. ஒருநாளும் கிடைக்கேல்லை. வெளிய போனா உள்ள விடமாட்டாங்கள். வீடும் இல்லை, காரும் இல்லை. ஒரு அறை, ரெண்டு பேர். நான் கள்ளப் படகில வந்தவன். லீவில்லையெண்டது பொய், பிள்ளை. பொய்!"

"லைன் கிளியரில்லை," என்றார் தரகர். "காத்துச் சத்தம்."

"லைன் கிளியராத்தான் இருக்கு," என்றா மாப்பிள்ளையின் தாய். எழுந்தா. "சரி. நாங்கள் வீட்டில கதைச்சுப்போட்டுச் சொல்லுறம்."

அதற்கு எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. சிவமலர் முகத்தைச் சேலையால் மூடினாள்.

அங்கே போன் கை மாறியது. படம் ஆடியது. கூரை தெரிந்தது. கதவு தெரிந்தது. பிறகு கிணற்றடி. பிறகு யதுசாவின் முகம். எனக்குத் தெரியாத முகம். இருபத்து மூன்று வயது முகம். நேரே என்னைப் பார்த்தது.

"என்ன சொன்னனீங்கள்? திருப்பிச் சொல்லுங்கோ."

சொன்னேன்.

"அஞ்சு வருசமா நான் உங்களை வெறுத்துக்கொண்டிருந்தனான். தெரியுமே? பட்டம் வாங்கேக்க எல்லாற்ற அப்பாவும் வந்து நிண்டவை. என்ர அப்பாக்கு என்னைவிடக் கோழி பெரிசெண்டு நினைச்சனான். ஏன் சொல்லேல்லை?"

"அம்மா அழுதவ, பிள்ளை."

"அழுதா அழட்டும்! நான் மட்டும் என்ன, அழாமலோ இருந்தனான்?"

மான்லி வந்தது. சனம் இறங்கியது. நானும் இறங்கினேன். கார்ட்டைத் தட்டினேன். திரும்பத் தட்டினேன். அதே படகில் ஏறினேன். அவள் திட்டிக்கொண்டே இருந்தாள்.

"சம்பந்தம் போயிட்டுதே, பிள்ளை."

"போகட்டும். அந்தக் கட்டடத்தையே கலியாணம் கட்டட்டும் அவவின்ர மோன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "சிரிக்காதேங்கோ," என்று கத்தினாள். "எனக்கு இன்னும் கோவம் ஆறேல்லை."

ஆற வேண்டாம் என்று நினைத்தேன். பட்டம் வாங்கிய நாளில் இருந்து இந்தப் பிள்ளையிடமிருந்து எனக்குக் கிடைத்தது, சாப்பிட்டீங்களோ என்கிற ஒரு சொல். கோபம் எவ்வளவு பெரிய சாப்பாடு.

மறுபடி பாறைகள். மறுபடி தூக்கல். இந்த முறை நின்றேன். ஒரு கையில் கம்பி. ஒரு கையில் அவள்.

"என்ன ஆடுது?"

"கடல்."

"பயமா இருக்கே?"

"ஓம்," என்றேன். அன்று நான் சொன்ன ஓம்களில் ஒன்றாவது உண்மை.

பிறகு, படகில் வந்தபோது என்ன நடந்தது என்று கேட்டாள். முதல் நாளில் இருந்து சொல்லச் சொன்னாள். சொன்னேன். பத்தாம் நாளைச் சொல்லும்போது அவள் கிணற்றுக் கட்டில் குந்திவிட்டாள்.

திரும்பும் வழியில் ஒப்பரா ஹவுஸ் இடப்பக்கம் வரும். நான் வலப்பக்கம் நின்றேன். அது என் முதுகுக்குப் பின்னால் எங்கோ போனது. போனில் தெரிந்ததோ என்னவோ. அவள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நானும் திரும்பவில்லை.

படகு துறையை இடித்து நின்றது. பாலத்தை இறக்கினார்கள். சனம் என்னை விலத்திக்கொண்டு இறங்கியது.

"கரைக்கு வந்திட்டன், பிள்ளை. வைக்கட்டே?"

"வையாதேங்கோ," என்றாள் யதுசா. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நான் இன்னும் பேசி முடியேல்லை. நில்லுங்கோ."

நின்றேன்.