தெரியாது என்று சொல்லாத கருவி

1.

இது என் பெரியம்மா மகளின் கம்பெனியில் நடந்தது. எழுதாதே என்றாள். எழுதுகிறேன். அவளிடம் சம்பளம் வாங்கிய காலம்வரை அவள் சொன்னதைக் கேட்டேன். இப்போது அந்தக் கட்டாயம் இல்லை. இதில் என் தப்பும் உண்டு. அதை மூன்றாம் பகுதியில் வைத்திருக்கிறேன். தாண்டிப் போய்ப் படிக்க வேண்டாம்.

2.

முதல் தொடக்கம் இது: "செயற்கை நுண்ணறிவு யுகத்தில் ஓர் இளம்பெண் தொழில்முனைவோர்…" அடித்துவிட்டேன். விருது மேடையில் பொன்னாடைக்கு முன்னால் வாசிப்பார்களே, அந்த மாதிரி இருந்தது.

இரண்டாவது: "மூன்று மேசைகள், ஒரு ஜன்னல், அந்த ஜன்னலுக்கு வெளியே" [வெளியே பக்கத்துக் கட்டடத்து ஏசியின் முதுகு. இதை வைத்து என்ன வாக்கியம் எழுதுவது?]

சரி, உள்ளதைச் சொல்கிறேன். பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் ஓர் அறை. மூன்று பேர். அக்கா முதலாளி. அவளோடு கல்லூரியில் படித்த 'கண்ணாடி', புரோகிராம் எழுதுபவன்.* நான், கருவி யார் யாரிடம் என்ன பேசியது என்று தினமும் படித்துத் தப்பைக் குறிப்பவள். கருவி என்பது நாங்கள் செய்த செயற்கை நுண்ணறிவு; அதன் வேலை, ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வரும் போன்களை எடுத்துப் பதில் சொல்வது. எத்தனை மணிக்கு வரவேண்டும், வெறும் வயிற்றோடு வரவேண்டுமா, இப்படி. எங்களுக்கு அந்தக் கூடத்தை விட்டால் வேறு வாடிக்கையாளர் கிடையாது. அது போனால் மூவரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

* அவன் மூக்குக்கண்ணாடி அவன் முகத்தைவிடப் பெரியது. பெயர் அப்படித்தான் வந்தது.

3.

ஒரு நாளைக்கு முந்நூறு அழைப்புகள். எல்லாவற்றையும் படிக்க எனக்கென்ன நாலு தலையா? கோபப்பட்டவர்கள், கத்தியவர்கள், பாதியில் வைத்தவர்கள், இவர்களுடையதை மட்டும் படித்தேன். "ரொம்ப நன்றிங்க" என்று முடிந்தவற்றைத் தள்ளிவிட்டேன். தவறான பதிலைத் தைரியமாகச் சொன்னால் கேட்டவர் நிம்மதியாக நன்றி சொல்லிவிட்டுத்தான் வைப்பார் என்பது எனக்கு உறைக்கவில்லை.

ஒரு நாள் காலை கைதவறி நன்றி சொன்ன ஒருவரின் அழைப்பைத் திறந்துவிட்டேன். இரண்டு நாளைக்கு முன் வந்தது.

"என் சம்சாரம் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறாங்க. நாளன்னைக்கு மறுநாள் டெஸ்ட்டு. மாத்திரைய நிறுத்தணுமா?"

"ஆம். மூன்று நாட்களுக்கு முன்பே நிறுத்திவிடுங்கள்."

"ரொம்ப நன்றிங்க."

"அக்கா, இங்க வா."

"என்னடி?"

"படி."

படித்தாள். கண்ணாடியும் எட்டிப் பார்த்தான். "இதுக்கு நம்மகிட்ட பதிலே கிடையாதே! டாக்டரைக் கேளுங்கன்னுதானே சொல்லணும்? அது பாட்டுக்கு அளந்து விட்டிருக்கு."

கருவிக்கு நாங்கள் கொடுத்திருந்த கட்டளைகளைத் திறந்தான். முதல் வரி: *எந்தக் கேள்விக்கும் தெரியாது என்று சொல்லாதே.*

"இத யாரு எழுதுனது?"

"நான்தான்" என்றாள் அக்கா. "தெரிஞ்சுக்கிட்டே கேக்காத."

4.

கல்லூரி முதல் வருடத்தில் ஒரு பேராசிரியர் ஏதோ கேட்க, அக்கா எழுந்து "தெரியாது சார்" என்றாள். "வீட்ல ஒருத்தராவது படிச்சிருந்தாத்தானே தெரியும்" என்றார் அவர். வகுப்பு சிரித்தது. அதன்பிறகு அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததில்லை. தெரியாததைக்கூட அடித்துப் பேசுவாள், பிறகு ஓடிப்போய்ப் படித்துக்கொள்வாள். கருவியால் ஓடிப்போய்ப் படிக்க முடியாது.

இந்த இடத்தை ஐந்து பக்கத்துக்கு இழுக்கலாம். மாட்டேன். எங்கள் பரிதாபத்தைக் கடை விரிக்க எனக்கு இஷ்டமில்லை.

5.

"கூப்பிட்டுச் சொல்லிடலாம். மாத்திரைய நிறுத்தாதீங்க, உங்க டாக்டரைக் கேளுங்கன்னு" என்றான் கண்ணாடி.

"சொல்லலாம்" என்றாள் அக்கா. "அவரு அடுத்து கூடத்துக்குப் போன் போட்டு, உங்க மெஷின் என் பொண்டாட்டிய கொல்லப் பாத்துச்சேன்னு கத்துவாரு. நாம கதவைச் சாத்திட்டுக் கிளம்பலாம்."

"போனாப் போகுது."

"உனக்கு என்னடா? உங்கப்பா பேங்க் மேனேஜர். நாளைக்கே ஒரு மாமா வேலை போட்டுத் தருவாரு. எனக்கு எந்த மாமா இருக்காரு?"

"எனக்கும் அதே மாமாதான், அதாவது யாரும் இல்ல" என்றேன். "ஆனா அந்தம்மா மாத்திரை போடாம ரெண்டு நாள் ஆகியிருக்கும்க்கா. ரத்தம் கட்டிக்கிட்டா?"

[அவள் கண்கள் கலங்கின என்று எழுதி வைத்திருந்தேன். கலங்கவில்லை. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து, குடிக்காமலே மூடினாள். மனதில் என்ன ஓடியது என்று எழுதச் சொல்லாதீர்கள். நான் அவள் மண்டைக்குள் குடியிருக்கவில்லை.]

6.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. கூப்பிடுகிறோம். அவர் சிரிக்கிறார்: "மெஷின் பேச்சை எவன்மா கேப்பான்? அவ ஒழுங்கா மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் இருக்கா." எல்லோருக்கும் சுபம். வாசகரின் காலில் விழுந்து கும்பிடுகிற முடிவு.

இரண்டு. அந்த அம்மா ஆஸ்பத்திரியில். நாங்கள் வராந்தாவில் தலைகுனிந்து. எங்களுக்குப் புத்தி வருவதற்காக முகம் தெரியாத ஒருத்தியைப் படுக்கையில் போடுவது என்ன நியாயம்?

மூன்று. முதல் வரியைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கிறோ

பாதியில் நிறுத்திவிட்டேன். இதுதான் நடந்திருக்கும் என்று நீங்கள் முடிவுகட்டியிருப்பீர்கள். உள்ளே இருந்த நானும் அப்படித்தான் நினைத்தேன்.

7.

அக்கா கம்பெனிப் போனைத் தொடவில்லை. தன் கைப்பேசியில் அந்த எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தாள். கீழே பல் டாக்டரின் துளைக்கும் இயந்திரம் கத்தி ஓய்ந்தது. ஐந்தாவது மணியில் எடுத்தார்கள். அவர் இல்லை. ஒரு பெண் குரல், மெதுவாக, மூச்சு வாங்கிக்கொண்டு.

"ஹலோ… யாருங்க பேசறது?"

அக்காவிடம் மூன்று பதில்கள் இருந்தன. கூடத்திலிருந்து பேசுகிறேன் என்றால் கம்பெனி தப்பிக்கும். ஆனால் கூடத்தின் பெயரில் வந்த குரல்தானே போன முறை பொய் சொன்னது. உங்கள் நலம் விரும்பி என்றால் ஒருவரும் நம்பமாட்டார்கள். மூன்றாவது, உண்மை. அது உங்களுக்கே தெரியும், அதன் விலையும் தெரியும்.

அவள் சொன்னதை நான் காதால் கேட்டேன். எழுதமாட்டேன். எழுதினால் நல்லவள் என்றோ கெட்டவள் என்றோ ஒரு முத்திரை குத்திவிட்டு எழுந்து போய்விடுவீர்கள். உட்காருங்கள். கைப்பேசியை உங்கள் பக்கம் நகர்த்துகிறேன்.

"ஹலோ? யாருங்க? சத்தமே காணோமே…"