கவுன் போட்ட அம்மா

ராயபுரத்தில் ஒரு பங்குக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் திரைப்பட ஆய்வுக் குழு கூடும். ஆரம்பித்து வைத்தவர் பங்குத்தந்தை மேத்யூ. சனங்கள் எப்படியும் படம் பார்க்கத்தான் போகிறார்கள், பார்த்ததைக் கிறிஸ்தவக் கண்ணோடு கொஞ்சம் யோசிக்கட்டும் என்பது அவர் எண்ணம். யோசித்தவர்கள் இரண்டு பேர்தான். மற்றவர்கள் டீக்கும் சமோசாவுக்கும் வந்தார்கள்.

யோசித்தவர்களில் ஒருவர் அருள்பிரகாசம். பெரம்பூரில் ரயில்பெட்டி வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் படம் பார்த்தாலும் அதில் அவருக்கு இயேசு தெரிவார். இடைவேளைக்கு முன் சுடப்பட்டு விழுந்த கதாநாயகன் பிறகு எழுந்து வந்தால் அது உயிர்ப்பு. அவனுக்குப் பன்னிரண்டு அடியாட்கள் இருந்தால் இயேசுவின் அப்போஸ்தலர்கள். ஒரு பாம்புப் படத்தில்கூட, பைபிளில் மோசே பாலைவனத்தில் உயர்த்திய வெண்கலப் பாம்பைக் கண்டுபிடித்து, டீ ஆறும்வரை பேசினார்.

இன்னொருவர் ஃப்ளோரன்ஸ். துறைமுகத்துக்கு எதிரே ஒரு சரக்கு கிளியரிங் ஆபீஸில் டைப்பிஸ்ட். எந்தப் படம் பார்த்தாலும் ஃப்ளோரன்சுக்குத் தெரிவது அவமானம்தான்.

"ரவுடின்னா கழுத்துல சிலுவை. குடிகாரன்னா பேரு பீட்டரு. கொல பண்றவன் வூட்டு செவுத்துல நம்ம மாதா படம். நாம இன்னா பண்ணோம் இவனுங்கள?" என்பார்.

அப்படியிருக்கையில் ஒரு சினிமா கம்பெனி, கோயில் வளாகத்துப் பழைய வீட்டில் படம் பிடிக்க அனுமதி கேட்டு வந்தது. ஃப்ளோரன்ஸ் கூடவே இருந்து தப்பு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு ஃபாதர் சம்மதித்தார்.

ஃப்ளோரன்ஸ் பூசைக்குக் கட்டும் பட்டுப்புடவை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு போனார். தொப்பி போட்ட இளம் இயக்குநர் அவரைத் தாண்டி அங்குமிங்கும் பார்த்தார்.

"கிறிஸ்டியன் லேடி ஒருத்தங்க வருவாங்கன்னு சொன்னாங்களே, இன்னும் வரலியா?"

"நான்தாம்பா அது."

"நீங்களா? பூவெல்லாம் வெச்சிருக்கீங்க?"

"பூ வெச்சா ஞானஸ்நானம் அழிஞ்சிடுமா?"

இயக்குநருக்கு வேறு கவலை. கதாநாயகனின் அம்மாவாக நடிக்க வேண்டியவருக்குக் காய்ச்சல். ஃப்ளோரன்சை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒரே ஒரு சீன்தான் மேடம்" என்றார்.

வெளியே நின்று கத்துவதைவிட உள்ளே போய்த் திருத்துவது நல்லது என்று ஃப்ளோரன்ஸ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆசை என்று அதற்குப் பெயர் வைக்கவில்லை.

பூப்போட்ட கவுன் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். "எங்க வம்சத்துலயே யாரும் கவுன் போட்டதில்லபா" என்றார் ஃப்ளோரன்ஸ். "ஆடியன்ஸுக்குப் புரியணுமே மேடம்" என்றார் இயக்குநர். போட்டுக்கொண்டார். மேசையில் இருந்த பிராந்தி பாட்டிலை எடுக்கச் சொன்னார். எடுத்தார்கள். எடுத்து அலமாரியில் வைத்தார்கள்.

பல வருடம் கழித்து ரவுடி மகன் ரத்தத்தோடு வீட்டுக்கு வருகிறான் என்பது காட்சி. 'ஓ மை சன்! ஜீசஸ் உன்னை மன்னிப்பார்!' என்பது வசனம்.

"பெத்தவ இப்டியா பேசுவா?" என்றார் ஃப்ளோரன்ஸ்.

"சரி, உங்களுக்கு வர்ற மாதிரி பேசுங்க. பாத்துக்கலாம்."

கேமரா ஓடியது. வாசலில் வந்து நின்ற கதாநாயகனைப் பளாரென்று அறைந்தார் ஃப்ளோரன்ஸ். நிஜமாகவே அறைந்தார். பிறகு கவுன் விளிம்பால் அவன் முகத்தைத் துடைத்தார்.

"எங்கடா பூட்ட இத்தினி நாளு? தோ பாரு, மூஞ்சியெல்லாம் இன்னா ஆயி கீது. கைய கய்விகினு வா. துன்னியா இன்னா?"

விளக்குப் பிடித்தவர் மூக்கை உறிஞ்சினார். "ஓகே மேடம்" என்ற இயக்குநரின் குரலே கொஞ்சம் மாறியிருந்தது.

படம் வெளியான அன்று பங்குச் சனமே ஷேர் ஆட்டோ பிடித்துத் தண்டையார்பேட்டை தியேட்டருக்குப் போனது. திரையில் ஃப்ளோரன்ஸ் வந்தார். அறைந்தார். பங்கு ஆட்கள் விசிலடித்தார்கள். பிறகு திரையில் ஃப்ளோரன்சின் வாய் திறந்தது. தேன் ஒழுகும் ஏதோ ஒரு குரல் அதிலிருந்து வந்தது.

"ஓ மை சன்! ஜீசஸ் உன்னை மன்னிப்பார் மேன்!"

தியேட்டர் சிரித்தது. ஃப்ளோரன்ஸ் கையிலிருந்த பாப்கார்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வெளியே வரும்போது யாரோ முதுகுக்குப் பின்னால் "மை சன் ஆன்ட்டி!" என்று கூப்பிட்டார்கள்.

இயக்குநருக்குப் போன் செய்தார். "நடிப்பு சூப்பர் மேடம். ஸ்லாங்குதான் கிறிஸ்டியனா இல்ல. அதான் வேற ஆள வெச்சு டப்பிங் பண்ணிட்டோம்."

அந்த ஞாயிறு ஃப்ளோரன்ஸ் வரமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வந்தார். குழு கூடும் மண்டபத்தில் சமோசா பற்றாத கூட்டம். முதலில் அருள்பிரகாசம் எழுந்தார்.

"இந்தப் படத்துல எனக்கு ஒண்ணும் தெரியல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஃப்ளோரன்சுக்கு வந்ததே கோபம். "இன்னாண்ணே? பாம்பு படத்துலகூட ஆண்டவர பாத்த ஆளு நீங்க. நான் நடிச்ச படத்துல மட்டும் ஒண்ணும் தெரியலியா?"

"உன் வாய்ல எவளோ பேசினா ஃப்ளோரன்சு. அத கேட்டதும் எனக்குப் படமே தெரியல. கண்ண மூடிக்கினேன்."

ஃப்ளோரன்ஸ் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

அந்தக் காட்சியைக் கம்பெனியே இணையத்தில் போட்டிருந்தது. ஃபாதர் அதை மண்டபத்து டிவியில் போட்டார். சத்தத்தை முழுக்கக் குறைத்தார். "இப்ப நீங்க பேசுங்கம்மா" என்றார்.

திரையில் கவுன் போட்ட அம்மா அறைந்தாள். ஃப்ளோரன்ஸ் டிவிக்குப் பக்கத்தில் நின்று பேசினார். முதலில் குரல் நடுங்கியது. "துன்னியா இன்னா?" என்று வந்தபோது நடுக்கம் போயிருந்தது. சமோசா மெல்லும் சத்தம் நின்றது.

"ஊதாரி மைந்தன்! வூட்ட வுட்டுப் போயி திரும்பி வந்த மகன்! பைபிள்ல லூக்கா பதினஞ்சு!" என்று அருள்பிரகாசம் நாற்காலியை விட்டு எழுந்தார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"சும்மா இருண்ணே. ஃபாதர், இன்னொரு தபா போடுங்க."

இரண்டாம் தடவை, ஸ்டேஷனில் போய்ச் சரணடையச் சொல்லி மகனுக்குப் புத்தி சொன்னார். மூன்றாம் தடவை மகனுக்கும் அவரே குரல் கொடுத்தார். அவன் இனிமேல் கத்தி தூக்குவதில்லை என்றான். வாராவாரம் ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்வதாகவும் வாக்குக் கொடுத்தான். திரையில் அவன் வாய் அசையவே இல்லை. மண்டபத்தில் யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை.