காவலுக்கு இரண்டு டிஸ்க்

என் தம்பி கல்யாண வீடியோ எடுப்பவன். கணக்கு மட்டும் அவனுக்கு எப்போதும் ஆசைப்படிதான் வரும். நான்கு டெராபைட் டிஸ்க்குகள் ஆறு வாங்கி ஒரே சேமிப்புப் பெட்டியில் மாட்டிவிட்டு, "இருபத்து நாலு டெராபைட், அக்கா! இனிமே இடப் பிரச்சினையே இல்ல" என்று போனில் குதித்தான்.

டேட்டா சென்டரில் எனக்கு இதுதான் வேலை. "இருபத்து நாலு அட்டைல போட்டிருக்கிறதுடா. உனக்குப் பதினாறுதான். ரெண்டு டிஸ்க் அளவுக்கு இடம் காவலுக்குப் போயிடும். அப்பதான் எந்த ரெண்டு செத்தாலும் மத்த நாலும் சேர்ந்து எல்லாத்தையும் மீட்டுக் குடுக்கும்."

"காசு குடுத்து வாங்கினதுல மூணுல ஒரு பங்கு சும்மா கெடக்கணுமா?"

"சும்மா கெடக்கலடா. அப்பா குரலும் அதுலதானே இருக்கப்போகுது?"

அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுப்பதற்கு முன், தம்பிதான் அவரை ஸ்டுடியோவில் உட்காரவைத்து, மனம்போல் பேசவிட்டுப் பதிவு செய்தான். ஒரு கல்யாண வீடியோவின் ஓரத்தில் அடங்கிவிடும் அளவுதான் அது.

"சரிக்கா" என்றவன், போனை வைத்ததும் ஒரு டிஸ்க் அளவை மட்டும் காவலுக்கு விட்டான். இருபது கிடைத்தது. அதையும் முட்ட முட்ட நிரப்பினான்.

ஒரு டிஸ்க் செத்தது. புதிது மாட்டினான். இழந்ததை அதில் திருப்பி எழுத, மிச்சமிருந்த ஐந்தும் ஓயாமல் ஓடின. எல்லாம் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கியவை. பாதி வழியில் இன்னொன்றும் படுத்துவிட்டது. ஒன்றுக்கு மட்டும் விட்ட காவல் இரண்டைத் தாங்கவில்லை; எல்லாமே போனது. பெட்டிக்குள் இருந்தாலே பத்திரம் என்று நினைத்து, வேறெங்கும் அவன் பிரதி வைத்திருக்கவில்லை.

செத்த டிஸ்க்குகளிலிருந்து பதிவுகளை மீட்டுத் தருகிறவரும் கையை விரித்தார். "நாலு டெராபைட்டுக்கு ஆசைப்பட்டு அப்பா குரலைத் தொலைச்சிட்டியேடா, பாவி!" என்று கத்தினேன். அதோடு அவனிடம் பேசுவதை விட்டேன். ஆத்திரம் எனக்கு அடங்கவே இல்லை.

அப்பாவிடம் சொல்ல அவன் வந்தபோது நானும் அந்த அறையில் இருந்தேன். அவர் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, தலையைத் தூக்காமலே எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். தோள் குலுங்கியது.

அப்பாவின் உதடுகள் அசைந்தன. குனிந்திருந்தவன் பார்க்கவில்லை. மறுபடியும் அசைந்தன. பிறகு அவர் என்னைப் பார்த்தார்.

அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னேன்.

"சாப்பிட்டியான்னு கேக்குறார்டா."