அண்ணன் கழுத்தில் தொங்கிய கண்ணாடி

பட்டாளத்திலிருந்து அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தவை இரண்டே இரண்டு. அமைதிப்படையில் நர்ஸாக இருந்தபோது கொடுத்த, தலையைச் சுற்றி வாரால் மாட்டும் தூசிக் கண்ணாடி ஒன்று, ஓயாமல் நீர் வடியும் வலது கண் ஒன்று. கண்ணைத் தூக்கிக் கொடுக்க முடியாது என்பதால் அண்ணன் கண்ணாடியைத் தூக்கிக் கொடுத்துவிட்டான்.

முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தின் புதுக் கட்டடத்தில் காட்சிக்கு வைக்கப் பழைய சாமான் கேட்டிருந்தார்கள். அண்ணனும் பட்டாளத்துக்காரன்தான், ஹவில்தார். உள்ளூர்க் கிடங்கில் பூட்ஸும் போர்வையும் வழங்கியே ஓய்வுபெற்றவன். எல்லை எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. ஆம்பளை கொடுத்த சாமான் ஆம்பளையுடையதாகத்தான் இருக்கும் என்று சங்கத்தார் தாங்களே முடிவுகட்டி, 'அமைதிப்படையில் நம் ஹவில்தார் அணிந்தது' என்று பித்தளைப் பலகை அடித்துவிட்டார்கள். அண்ணன் மறுக்கவில்லை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமே!

திறப்புவிழாவன்று அவன் சட்டையில் பதக்கம் குத்திக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது.

"குடும்பத்துக்குத்தானே பெருமை? இன்னைக்கு ஒருநாள் விட்டுக்கொடேன்" என்றான். "தூசிக் கண்ணாடின்னா எல்லாரும் சிப்பாயைத்தான் நினைப்பாங்க. நீ காயத்துக்குக் கட்டுப் போட்டவதானே."

"அவங்க நினைக்கட்டும். நீ ஏன் தலையாட்டின?"

"சரி சரி, அழாதே."

"யாரு அழறா? இது மணல் தின்ன கண்ணு. உனக்காக வேற தனியா அழுமா?"

அமைதிப்படை முகாமில் ஹெலிகாப்டர் இறங்கும்போது மணல் சுழன்றடிக்கும். காயம்பட்டு ஸ்ட்ரெச்சரில் வாரால் கட்டப்பட்டவன் பாதி மயக்கத்தில் கண்ணைத் திறந்தபடி கிடப்பான்; கையைத் தூக்கி மறைக்கவும் முடியாது. நர்ஸ்கள் தங்கள் கண்ணாடியைக் கழற்றி அவன் கண்ணில் மாட்டிவிட்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள். அவரவர் கண்ணாடி அவரவருக்கே என்று மேலிடத்து உத்தரவு இருந்தது. ஒருத்திகூடக் காதில் போட்டுக்கொண்டதில்லை. கட்டுப்போட்ட பெரிய மண்டைக்கும் சேர வேண்டுமே என்று கண்ணாடியின் வாரை முழு நீளத்துக்கு இழுத்துத் தைத்தே வைத்திருந்தார்கள்.

விழாவில் அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். "சார், மாட்டிக்கிட்டு ஒரு போஸ் கொடுங்க" என்றார் போட்டோக்காரர். அண்ணன் மாட்டினான். கண்ணாடி மூக்கைத் தாண்டிக் கழுத்தில் விழுந்தது. தூக்கிவிட்டான், மறுபடி விழுந்தது. கூட்டம் சிரித்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனை பேர் கண்ணைக் காத்த சாமான், இப்படிக் கேலிப்பொருளாகித் தொங்குகிறதே! விறுவிறுவென்று மேடையேறினாள்.

"கழட்டு."

"எல்லாரும் பார்க்கறாங்க" என்று முணுமுணுத்தான் அண்ணன்.

"பார்க்கட்டும். அதுக்குத்தான் ஏறி வந்தேன்." தானே அதைக் கழற்றிக்கொண்டு மைக்கைப் பிடித்தாள். "இது என்னோடது. அமைதிப்படைக்குப் போனது நான். இவன் போகலை."

சங்கத் தலைவர் ஓடிவந்தார். "அதுக்கென்னம்மா, 'சகோதரியும் உதவினார்'னு ஓரத்துல சின்னதா சேர்த்துடலாம்."

"நான் யாருக்கும் கூடமாட ஒத்தாசைக்குப் போகலை. என் பதவி மேஜர். அந்தப் பலகையைக் கழட்டிட்டு என் பேர்ல வேற அடிக்கறதா இருந்தா இது இங்கே இருக்கும். இல்லைன்னா என்கூட வீட்டுக்கு வரும்."

தலைவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தான். "அவ சொல்றதுதான் நிஜம்" என்றான், மைக்குக்குக் கேட்காத குரலில்.

"மைக்ல சொல்லு."

சொன்னான். அவள் நடுநாயகமாகப் போட்டிருந்த அவனுடைய நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். தப்பித்தோம் என்று அவன் பக்கத்து நாற்காலியை இழுத்தான்.

"ஹவில்தார்," என்றாள், திரும்பாமல். "மேஜர் இன்னும் உட்காரச் சொல்லலை."

பழக்கதோஷம், அண்ணனின் குதிகால்கள் தாமாகவே ஒன்றுசேர்ந்தன. விறைத்து நின்றான். தலைவர் உள்ளே பார்த்து, ஒரு ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவரச் சொன்னார்.