நான்காவது சிமிட்டல்

"கதவைத் திறந்தேன், அங்கே..." என்று உருகி உருகிப் பாடிவிட்டு, பியானோவிலிருந்து கையை எடுத்து, கண்ணை மூடி, அவள் ஓர் இடைவெளி விட்டாள். அந்த இடைவெளியில் "நுரையோ நுரை, மணக்கும் நுரை!" என்று சோப்பு விளம்பரம் ஓடிவிட்டது. நேரலை வேறு. ஊரே கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தது.

குற்றம் வானொலி நிலையத்து இயந்திரத்தின் மேல். ஒலிபரப்பில் சத்தம் நின்றால், நிலையமே படுத்துவிட்டது என்று அது நினைத்துக்கொள்ளும். மஞ்சள் விளக்கை நான்கு முறை சிமிட்டிப் பார்க்கும். அப்படியும் சத்தம் வராவிட்டால் ஏதாவது விளம்பரத்தை எடுத்து ஓட்டிவிடும். செய்தி வாசிப்பவர்களுக்கு அது காவல் தெய்வம். இடைவெளி விட்டு விட்டு ஜாஸ் இசை வாசிப்பவளுக்கு எமன்.

மறுநாளே நிலையத் தலைவர் கூப்பிட்டுவிட்டார். "மேடம், இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நேரலையெல்லாம் கிடையாது. முன்னாடியே பதிவு பண்ணி, வெட்டி ஒட்டித்தான் போடுவோம்."

வெட்டி ஒட்டுவார்களாம்! இந்த நிகழ்ச்சி என்ன சும்மா வந்ததா? "நீ பாடினா போதும்மா, பியானோவுக்கு ஆள் இருக்கு" என்று எத்தனை ஹோட்டல்களில் கேட்டிருக்கிறாள்! ஒருநாள் அந்த ஆள் கோபித்துக்கொண்டு பாதியில் எழுந்துபோனான். காலியான இருக்கையில் உட்கார்ந்தவள் அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. வானிலை அறிக்கை வாசிக்கத்தான் வானொலிக்கு வந்தாள். மழை வரும் என்று சொன்ன கையோடு மழைக்கு ஒரு பாட்டும் கட்டிப் பாடிவிட்டாள். நேயர்கள் நச்சரித்து நச்சரித்துத்தான் வெள்ளிக்கிழமை மாலை அவளுடையதானது. அந்தந்த நொடியில் தோன்றுவதை வாசிப்பதுதான் அவளுக்கு உயிர். அதைக் கத்தரித்தால் மிஞ்சுவது என்ன?

"அந்த இடத்துல நான் சும்மா நாலு தட்டு தட்டிடறேனே," என்றாள் அண்ணி. அண்ணன் மனைவிதான் அவள் பாட்டுக்குப் பக்கத்தில் நின்று, பாஸ் என்கிற ஆளுயரத் தந்தி வாத்தியம் வாசிப்பவள். "மிஷினும் பேசாம இருக்கும்."

"நீங்க பேசாம இருந்தா போதும் அண்ணி. கதவைத் திறந்தா யாருமே இல்ல. அங்க யாரு வந்து தட்டறது?"

"அடிப்பாவி! நிகழ்ச்சி போச்சுன்னா என்கிட்ட வந்து அழாதே."

வெள்ளிக்கிழமை, கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் தலைவரே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் விரல் நுனிகள் துறுதுறுத்தன. பயமா சந்தோஷமா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை.

"கதவைத் திறந்தேன், அங்கே..."

கையை எடுத்தாள். வழக்கமாக மூடிக்கொள்ளும் கண்ணை இந்த முறை மூடவில்லை. மஞ்சள் விளக்கு சிமிட்டியது. ஒன்று. அண்ணியின் விரல் தந்திமேல் துடித்தது. அவள் ஒரே முறைப்பில் அதை அடக்கினாள். இரண்டு. அட, இதென்ன! விளக்கு பாட்டின் தாளத்திலேயே அல்லவா சிமிட்டுகிறது! இவ்வளவு நல்ல தாளக்காரனைக் கண்ணை மூடிக்கொண்டு கோட்டைவிட்டோமே என்று அவளுக்குச் சிரிப்புப் பொங்கியது. மூன்று. தலைவர் முகம் வெளுத்தது. நான்கு.

"யாருமில்லை!"

பத்து விரல்களும் ஒன்றாக விழுந்தன. அண்ணி பாய்ந்து வந்து சேர்ந்துகொண்டாள். விளக்கு அணைந்தது.

தப்பித்தாயிற்று. வேறு யாராவது என்றால் இத்தோடு விட்டால் போதும் என்று பாட்டை முடித்துக்கொண்டு கும்பிடு போட்டிருப்பார்கள். அவளோ ருசி கண்டுவிட்டாள். பியானோவில் எங்கெங்கோ சுற்றிவிட்டு மறுபடியும் அதே வரிக்கு வந்தாள்.

'வேணாம்டி,' என்று அண்ணி உதட்டை மட்டும் அசைத்தாள்.

"கதவைத் திறந்தேன், அங்கே..."

கையை எடுத்தாள். கண்ணாடிக்கு அப்பால் தலைவர் பதறிப்போய், நிறுத்தாதே என்று ஒரு கையைத் தூக்கினார். விளக்கு சிமிட்டத் தொடங்கியது. தூக்கிய கை அந்தரத்தில் அப்படியே நின்றது. ஒன்று. இரண்டு. மனிதரின் தலை லேசாக ஆடியது. மூன்று. நான்காவது சிமிட்டலுக்கு அவர் கை சட்டென்று கீழே இறங்கியது, சுத்தமான தாளத்தில். அவள் விரல்களும் அதனுடன்தான் இறங்கின.